கொன்ற ஊரே நட்ட கல்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தெருமுனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் டுலூத் என்று ஒரு துறைமுக ஊர். முதலாம் தெருவும் கிழக்கு இரண்டாம் அவென்யூவும் அங்கே ஓர் இடத்தில் சந்திக்கின்றன. 1920 ஜூன் 15 இரவு, அந்த முனையில் இருந்த விளக்குக் கம்பத்தில் மூன்று கறுப்பின இளைஞர்களைத் தூக்கில் போட்டார்கள். இலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ. மூவரும் ஊர் ஊராகப் போகும் ஒரு சர்க்கஸில் கூலிவேலை பார்த்தவர்கள். முந்தின நாள்தான் அந்த சர்க்கஸ் டுலூத்துக்கு வந்திருந்தது.

ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெண்ணைப் பரிசோதித்த குடும்ப மருத்துவர் தாக்குதலுக்கான தடயம் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அதைக் காதில் போட்டுக்கொள்ள அன்றைக்கு யாரும் தயாராக இல்லை. ஒரு லாரி தெருத்தெருவாகப் போய் ஆள் ஏற்றி வந்தது. பத்தாயிரம் பேர் வரை கூடியிருப்பார்கள் என்று ஒரு கணக்கு. துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று காவலர்களுக்கு மேலிடத்து உத்தரவு. சிறைக் கதவை உடைத்தார்கள், உள்ளேயே ஒரு போலி விசாரணை நடத்தினார்கள், தீர்ப்பும் சொன்னார்கள். அப்புறம் அந்தக் கம்பம்.

'லிஞ்சிங்' என்ற சொல்லை நாம் 'கும்பல் கொலை' என்று எழுதுகிறோம். வேறு நல்ல சொல் நம்மிடம் இல்லை. ஆனால் கும்பல் கொலை என்றதும் ஆத்திரத்தில் நடந்த கைகலப்பு போல மனதில் ஒரு படம் வருகிறது. நடந்தது அது இல்லை. டுலூத்தில் அன்றிரவு எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. தொங்குகிற உடல்களைச் சுற்றி ஆண்கள் நிற்கிறார்கள். கேமராவுக்குள் வந்துவிட வேண்டும் என்று ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருவர் எட்டிப் பார்க்கிறார். யாரும் முகத்தை மறைக்கவில்லை. அந்தப் படத்தை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றார்கள். திருவிழாவுக்குப் போன ஞாபகத்துக்குப் படம் வாங்குவதைப் போல.

கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கலவரம் செய்ததாக மூன்று பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களும் பதினைந்து மாதத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்த ஊர் வாயை மூடிக்கொண்டது. தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை. பார்க் ஹில் கல்லறையில் மூவரையும் புதைத்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. எழுபது வருடம் கழித்து, 1991-ல்தான் கல்லறைக் கல் வைத்தார்கள். 2000-ல் ஊர்க்காரர்கள் சிலர், கறுப்பர்களும் வெள்ளையர்களுமாக, ஒரு குழுவாகக் கூடி நிதி திரட்டத் தொடங்கினார்கள். 2003 அக்டோபர் 10 அன்று நினைவிடம் திறக்கப்பட்டது. அதே தெருமுனையில், கம்பம் நின்ற இடத்துக்கு எதிரில். ஒரு சுவரில் ஏழடி உயரத்துக்கு மூன்று வெண்கல உருவங்கள். கழுத்தில் கயிறு கிடையாது. மூன்று இளைஞர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எண்பது வருடத்துக்கும் மேலாகப் பிணமாக மட்டுமே பார்க்கப்பட்டவர்களை அந்தச் சுவர் மறுபடி மனிதர்களாக்கி நிறுத்தியிருக்கிறது. சுவரில் பதினெட்டாம் நூற்றாண்டு அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்கின் வாசகம் பொறித்திருக்கிறது: நடந்துவிட்ட ஒன்றைப் பற்றிப் பேசுவது கடினம், பேசாமல் இருப்பதோ முடியாத காரியம் என்று.

நடுகல் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்காக ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர் கல் நட்டது. பெயரும் பீடும் எழுதி, மாலை சூட்டியது. ஆனால் தான் கொன்றவனுக்கு, கொன்ற இடத்திலேயே, அவன் பெயரைச் சொல்லி ஓர் ஊர் கல் நடுவது வேறு விஷயம். அதற்கு வேறு விதமான தைரியம் வேண்டும். இன்றைக்கு நான் பேச வந்தது இந்தத் தைரியத்தைப் பற்றித்தான்.

அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரியில் 2018 ஏப்ரல் 26 அன்று ஒரு பெரிய தேசிய நினைவிடம் திறந்தார்கள். மரண தண்டனைக் கைதிகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு கட்டியது. 1877 முதல் 1950 வரை இப்படிக் கொல்லப்பட்ட 4,400-க்கும் மேற்பட்டவர்களை இந்த அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. அங்கே கவுண்டிக்கு ஒன்றாக 800-க்கும் அதிகமான இரும்புத் தூண்கள். கவுண்டி என்றால் நம்முடைய மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும்போது தூண்கள் நம் உயரத்தில் நிற்கின்றன, பெயர்களை நேருக்கு நேர் வாசிக்கலாம். நடக்க நடக்கத் தரை கீழே இறங்கிக்கொண்டே போகும். தூண்கள் அப்படியே நிற்கும். கடைசியில் அத்தனையும் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், அன்றைக்குக் கூட்டம் அண்ணாந்து பார்த்த மாதிரி.

அதைவிட என்னை உலுக்கியது மண். அதே அமைப்பின் ஏற்பாட்டில், கொலை நடந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளூர்க்காரர்களே போய், குனிந்து, சிறு கரண்டியால் மண் எடுத்துக் கண்ணாடி ஜாடியில் நிரப்புகிறார்கள். ஜாடியில் பெயர், ஊர், தேதி. பெயர் தெரியாவிட்டால் 'அறியப்படாதவர்'. ஜாடிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் செம்மண், கரிசல், மணல் என்று ஒன்று மாதிரி ஒன்று இல்லை. எடுக்கப் போகிறவர்களில் இறந்தவரின் வாரிசுகளும் உண்டு, அந்த ஊர் வெள்ளைக்காரர்களும் உண்டு. ஒரே குழியில் இரண்டு பேருடைய கையும் படுகிறது.

எல்லா இடத்திலும் இது சுலபமாக நடந்துவிடவில்லை. மிசிசிப்பியில், டல்லஹாச்சி ஆற்றங்கரையில் ஒரு பலகை. 1955-ல் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லைக் கொன்று அந்த ஆற்றில் போட்டார்கள். கொன்ற இருவரையும், முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி ஒரு மணி நேரம்போல் மட்டும் பேசிவிட்டு விடுவித்தது. 2008-ல் அங்கே வைத்த முதல் பலகையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அடுத்ததைச் சுட்டுத் துளைத்தார்கள். மூன்றாவது 2018-ல் வந்தது. 35 நாள்தான், அதிலும் குண்டு. 2019-ல் நான்காவதாக வைத்தது துப்பாக்கிக் குண்டு துளைக்காத எஃகுப் பலகை. எடை ஏறத்தாழ 225 கிலோ. செத்துப்போன ஒரு சிறுவனின் பெயருக்குக் கவசம் போட வேண்டியிருக்கிறது! முந்தைய பலகை ஒன்றை வாஷிங்டனில் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அதில் 317 ஓட்டைகள்.

"பழசை ஏன் கிளற வேண்டும், ஆறிய புண் இல்லையா?" என்று அங்கேயும் கேட்கிறார்கள். அந்த 317 ஓட்டைகளைப் பார்த்த பிறகு, ஆறிய புண் என்று எப்படிச் சொல்வது? இது பழசு என்றால் யார் தோட்டா வாங்கிச் செலவு செய்கிறார்கள்?

மறுபடி டுலூத்துக்கு வருகிறேன். ஆள் ஏற்றி வந்த லாரியைச் சொன்னேன் இல்லையா? அதைக் கொண்டுவந்தவரின் கொள்ளுப்பேரன் ஒருவர், தன் குடும்ப வரலாற்றைத் தேடப் போன இடத்தில்தான் இந்த விஷயத்தையே தெரிந்துகொண்டார். 2003 திறப்பு விழாவுக்கு வந்தார். மேடையேறி, தன் குடும்பத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைக் கெடுத்ததாகச் சொன்ன அதே வழக்கில் மேக்ஸ் மேசன் என்ற சர்க்கஸ் தொழிலாளிக்கு ஏழு முதல் முப்பது வருடம் சிறை என்று தீர்ப்பு. நான்கு வருடம் உள்ளே இருந்தார். மாநிலத்தை விட்டே போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு வெளியே விட்டார்கள். 2020 ஜூன் 12 அன்று மினசோட்டா அவருக்கு மன்னிப்பு வழங்கியது. அந்த மாநிலம் இறந்தவர் ஒருவருக்குக் கொடுத்த முதல் மன்னிப்பு அதுதான். அதற்குப் பதினெட்டு நாள் முன்னால், அதே மாநிலத்தில், மினியாபொலிஸ் தெருவில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பரின் கழுத்தில் ஒரு காவலரின் முழங்கால் இருந்தது.