திரும்பவும் போய்க் கேட்டவள்

அன்பானவர்களே, லூக்கா 18-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் வழக்கமாக அதை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். முதல் எட்டு வசனங்களில் நியாயம் கேட்டு அலைகிற விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியும் வருகிறார்கள். அது விடாமல் ஜெபிப்பதைப் பற்றிய பிரசங்கத்துக்கு. 9 முதல் 14 வரை, நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாய்க் கைக்கொள்கிற பரிசேயனும் வரி வசூலிக்கிற ஆயக்காரனும். அது தாழ்மையைப் பற்றிய பிரசங்கத்துக்கு. நானும் பல வருஷம் அப்படித்தான் பேசியிருக்கிறேன். ஆனால் லூக்கா இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இன்றைக்கு அவற்றைச் சேர்த்தே பார்ப்போம்.

அந்த விதவையிடம் என்ன இருந்தது? அவளுக்காகப் பேச ஓர் ஆள் இருந்ததாக வேதம் சொல்லவில்லை. சிபாரிசு இருந்ததாகவும் சொல்லவில்லை. நியாயாதிபதியோ தேவனுக்குப் பயப்படாதவன், மனுஷரை மதியாதவன். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: மறுநாள் திரும்பவும் போவது. யோசித்துப் பாருங்கள். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு, அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் நமக்கு என்ன ஆகிறது? முகம் சிவந்து போகிறது. 'இனிமேல் இவரிடம் போய்க் கேட்பேனா' என்று ரோஷம் வருகிறது. இரண்டாம் தரம் போக வேண்டுமானால் அந்த ரோஷத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மூன்றாம் தரம், நான்காம் தரம் போகிறவளிடம் கழற்றுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இப்போது அந்தப் பரிசேயனைப் பாருங்கள். அவன் ஜெபத்தை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். மற்ற மனுஷரைப்போல நான் இல்லை என்ற ஸ்தோத்திரம் இருக்கிறது. வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், தசமபாகம் எல்லாம் இருக்கிறது. விண்ணப்பம் என்று ஒன்றுமே இல்லை! அவன் தேவனிடம் எதையுமே கேட்கவில்லை. எதுவும் தேவைப்படாதவன் எதற்காக மறுபடி வந்து நிற்பான்? ஆயக்காரனோ தூரத்திலே நின்று, கண்களைக்கூட ஏறெடுக்காமல், மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான். ஒரே வரி. அந்த விதவையும் இந்த ஆயக்காரனும் எனக்கு அண்ணன் தங்கை மாதிரித் தெரிகிறார்கள். இரண்டு பேருக்கும் போக வேறு இடம் கிடையாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தேவன் அந்த நியாயாதிபதியைப் போன்றவர் என்று இயேசு சொல்லவே இல்லை. அப்படிப்பட்ட ஒருவனே கடைசியில் செவிகொடுக்கிறான் என்றால், உங்கள் பிதா எவ்வளவு அதிகமாய்க் கேட்பார் என்பதுதான் அவர் சொன்னது. நச்சரித்து அவர் மனதைக் கரைக்க வேண்டியதில்லை.

'அப்படியானால் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்ப ஏன் சொல்ல வேண்டும்? வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று இயேசுவே சொன்னாரே?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் அவரே மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். துக்கத்தில் இருப்பவனுக்குப் புது வார்த்தைகள் வராது. அதைக் கர்த்தர் தம்முடைய வாயினாலேயே அறிந்திருக்கிறார்.

என் காரியம் ஒன்றைச் சொல்கிறேன். எனக்கும் என் தம்பிக்கும் ஒரு சொத்து விஷயத்தில் பேச்சு நின்று போனது. தவறு அவன் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதனால் தினமும் ராத்திரி ஜெபித்தேன்: 'ஆண்டவரே, அவன் கண்களைத் திறந்தருளும், அவன் செய்ததை அவனுக்கு உணர்த்தும்.' இப்படியே நாலு வருஷம். விடாமல் ஜெபிக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. ஒரு நாள் அதே ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நாக்கு நின்றுவிட்டது. கடைசியாக நாங்கள் பேசிய அன்று நான் அவனிடம் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது. அவன் மனைவி காதில் விழும்படி சொன்னேன். அவன் பதில் பேசவில்லை, கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தான். அந்த டம்ளர் அத்தனை நாளும் என் ஜெபத்தில் வரவே இல்லை. நாலு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தது பரிசேயனின் ஜெபம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனாலும் தேவன் என்னை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே ஜெபத்தைச் சொல்லச் சொல்ல, ஆற்றுக்கல் மாதிரி அதன் முனைகள் தேய்ந்து, கடைசியில் 'என்மேல் கிருபையாயிரும்' மட்டும் மிஞ்சியது. விடாமல் ஜெபிப்பதால் யார் மாறுகிறார் என்று கேட்டால், முதலில் நான்தான் என்று சாட்சி சொல்வேன்.

சரி, நம்பிக்கை எங்கே வருகிறது? பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளைப் பாருங்கள். உதடுகள் மாத்திரம் அசைகின்றன, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிடுகிறார். அவளோ, கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன் என்கிறாள். அதற்குப் பிறகு வரும் வசனத்தை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். அவள் போய்ச் சாப்பிட்டாள், அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை. அவள் கேட்ட பிள்ளை சாமுவேல் இன்னும் பிறக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லை. வீட்டில் அவளை நோகப் பேசுகிற சக்களத்தி பெனின்னாள் இருக்கிறாள், அவள் வாய் அடங்கியதாகவும் எழுதப்படவில்லை. ஆனாலும் அன்னாளுக்குச் சாப்பாடு இறங்குகிறது. கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இதைவிடப் பக்கத்தில் இருந்து பார்த்த படம் எனக்குத் தெரியாது.

கேட்டது கிடைக்காமல் போவதும் உண்டு. பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்கா, மகன் கிறிஸ்துவிடம் வர வேண்டும் என்று வருஷக்கணக்காய் ஜெபித்துவந்தவர். 383-ஆம் ஆண்டு அவர் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்தின் அருகே ஒரு சிற்றாலயத்தில் ராத்திரி முழுவதும் அழுது ஜெபித்தார். மகன் ரோமுக்குக் கப்பல் ஏறக் கூடாது என்பதே விண்ணப்பம். விடிந்தபோது கப்பல் போய்விட்டிருந்தது, அவரிடம் சொல்லாமலே மகன் போய்விட்டான். அந்தக் காலையில் கரையில் நின்ற தாயிடம் போய், 'உங்கள் ஜெபம் கேட்கப்பட்டது' என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பயணம்தான் மகனை ரோம் வழியாக மிலானுக்கு, பேராயர் ஆம்பிரோஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387-ஆம் ஆண்டு ஈஸ்டரில் அவர் கையால் அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றார். அந்த ராத்திரி கேட்டதைத் தராமல், வருஷக்கணக்காய்க் கேட்டுவந்ததைத் தேவன் தந்தார். மோனிக்காவும் சும்மா இருக்கவில்லை, கடல் தாண்டி மகனைத் தேடிப் போனார். அதே வருஷம் அவர் மரித்தார், அதைப் பார்த்துவிட்டு.

எல்லாருக்கும் பார்க்கக் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே உட்கார்ந்திருக்கிற சிலர் பார்க்காமலே யாரையோ அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் விளக்கம் எதுவும் இல்லை. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று பவுல் எழுதியதை மட்டும் உங்களோடு சேர்ந்து பிடித்துக்கொள்கிறேன்.

தம்பிக்கு நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. அடுத்த வாரம் செய்தேன், எடுத்தான். 'நான் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், 'சாப்பிட்டியா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அவ்வளவுதான் இதுவரை. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மறுபடி கூப்பிடுவேன்.