எத்தனை நாளாக இருமல்?

வணக்கம். எனக்கு வீடு பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில். நர்ஸ் வேலை ஹொசகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில். செங்கல் சூளை வேலைக்கு வந்த தர்மபுரி, திருவண்ணாமலைக்காரர்கள் அங்கே நிறைய. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் அவர்களில் டிபி என்று சந்தேகப்படுகிறவர்கள் என்னிடம்தான் வருவார்கள்.

இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். இதுதான் அரசு விதி. ஆனால் காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது, எத்தனை நாளாக இருமல் என்று கேட்க யாருக்கு நேரம்? கையில் சிரப் பாட்டிலைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இது பழைய கதைதான். பெங்களூரில் இருக்கும் தேசிய காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் விசாரித்து 1963இல் எழுதினார்கள்: நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். பலருக்குக் கிடைத்தது இருமல் மருந்து. கிராமத்து ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் வரத்தான் செய்தார்கள்!

இப்போது நாங்கள் சீட்டு எழுதும் இடத்திலேயே கேட்டுவிடுகிறோம். அப்புறம் சளி டப்பா. டப்பாவைக் கையில் கொடுத்து “துப்பிட்டு வாங்க” என்றால் எச்சில்தான் வரும். கட்டடத்துக்குப் பின்னால், காற்றோட்டமான இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, இரண்டு மூன்று தடவை மூச்சை ஆழமாக இழுக்கவைத்து, நெஞ்சிலிருந்து இருமச் சொல்வேன். எதிரே நிற்காமல் தள்ளி நின்றுகொள்வேன். பெண்கள் கூச்சப்படுவார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு “வரலை சிஸ்டர்” என்பார்கள். அவசரப்படுத்தினால் சளி வராது.

டிபி என்று உறுதியானால், மாத்திரை எடைக்கு ஏற்றபடி: 35 முதல் 49 கிலோ வரை நாளுக்கு மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. கொடுக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: “அண்ணா, மூத்திரம் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க.” சொல்லாமல் விட்டால், ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

நோயாளியின் வீட்டுக்குப் போய் அங்கே இருக்கும் மற்றவர்களையும் பரிசோதிக்கச் சொல்கிறது விதி. சரி. “யூனிபார்ம்ல வராதீங்க சிஸ்டர், மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்” என்று ஒரு தம்பி கெஞ்சினார். அதிலிருந்து சாதாரணச் சேலையில், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நாளில் போகிறேன். யாருக்கும் சந்தேகம் வராது.

டிபி நோயாளிகளின் சத்துணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரிலிருந்து 1000. அது வங்கிக் கணக்கில்தான் விழும். கணக்கு ஊரில், போன் நம்பர் மாறிவிட்டது என்றால் அதைச் சரிசெய்யவே பாதி நாள் போய்விடும்.

பெரிய சிக்கல், மழை. சிகிச்சை ஆறு மாதம். அதற்குள் மழை பிடித்தால் சூளை நிற்கும், ஜனங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் டிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால், கிளம்புவதற்கு முன் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நிக்ஷய் எண், அதாவது டிபி நோயாளியாக அரசு உங்களைப் பதிவு செய்த எண், இருந்தால் உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கே மாற்றிக் கொடுப்பார்கள், வழிக்கு வேண்டிய மாத்திரையையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சந்தேகம் கேட்க இலவச எண் 1800-11-6666.

நன்றி, வணக்கம்.