டாஷ்போர்டுக்குள் ஒரு போலி லாகின் பெட்டி

[திரையில்: விற்பனை டாஷ்போர்டு. வரைபடங்களுக்கு நடுவே ஒரு பெட்டி எழுகிறது.]

"செஷன் முடிந்துவிட்டது. பாஸ்வேர்டை மறுபடி உள்ளிடவும்." மேலே முகவரிப் பட்டியில் உங்கள் நிறுவனத்தின் முகவரிதான் இருக்கிறது. பூட்டுச் சின்னமும் சரியாக இருக்கிறது. உள்ளிட்டுவிடுவீர்கள்தானே? யாராக இருந்தாலும் உள்ளிடுவார்கள்.

[திரையில்: அட்டவணையில் 'வாடிக்கையாளர் பெயர்' கட்டம் பெரிதாகிறது.]

அந்தப் பெட்டி வந்த வழி இதோ. யாரோ ஒருவர் பதிவுப் படிவத்தில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் எச்டிஎம்எல் டேக்குகளை (வலைப்பக்கத்தைக் கட்டமைக்கும் குறிகளை) எழுதி அனுப்பியிருக்கிறார். டேட்டாபேஸில் அவை வெறும் எழுத்தாகத்தான் கிடந்தன. டாஷ்போர்டு அவற்றை எடுத்து அப்படியே பக்கத்தில் ஒட்டியதும், பிரவுசர் அவற்றைப் பக்கத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டது. இதற்குப் பெயர் எச்டிஎம்எல் இன்ஜெக்‌ஷன்.

அனலிடிக்ஸ் மென்பொருளின் வேலையே பத்து இடங்களிலிருந்து டேட்டாவை இழுத்து வந்து காட்டுவதுதான். முகம் தெரியாத ஆள் எழுதியதை, எல்லா அனுமதியும் கையில் வைத்திருக்கும் மேலாளர் படிக்கிறார். "நம்ம டேட்டாபேஸ்தானே" என்று யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. வரைபடத் தலைப்பு, அட்டவணைப் பத்தியின் பெயர், ஃபில்டர் பெயர் என்று நுழைய இடங்களுக்கும் பஞ்சமில்லை.

சிஎஸ்பி என்பது ஒரு பக்கம் எதை எங்கிருந்து ஏற்றலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதித் தொகுப்பு. "ஸ்கிரிப்டை (பக்கத்தில் ஓடும் நிரலை) சிஎஸ்பி தடுத்துவிடும், பயமில்லை" என்பார்கள். பாதிதான் சரி. போலி லாகின் படிவத்துக்கு ஸ்கிரிப்டே தேவையில்லை. சிஎஸ்பியின் பொது விதியான டிஃபால்ட்-சோர்ஸை எவ்வளவு இறுக்கினாலும் படிவம் எங்கே போகிறது என்பதை அது கட்டுப்படுத்தாது. ஃபார்ம்-ஆக்‌ஷன் விதியைத் தனியாக எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த ஒரு வரியைத்தான்.

[திரையில்: 'பிடிஎஃப் ஆக ஏற்றுமதி' பட்டன்.]

எனக்கு இதைவிடக் கவலை தருவது இந்தப் பட்டன். பல மென்பொருள்களில் பிடிஎஃப் தயாரிக்க, சர்வரே திரையில்லாத பிரவுசர் ஒன்றில் அறிக்கையைத் திறக்கிறது. நுழைத்த டேக் ஒரு ஐஃப்ரேமாக (பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் சட்டமாக) இருந்தால், வெளியாட்கள் தொட முடியாத உள் நெட்வொர்க் முகவரியை சர்வரே போய்த் திறக்கக்கூடும். வந்த பதில் பிடிஎஃபில் அச்சாகிவிடும்.

தீர்வு பழையதுதான்: காட்டும் இடத்தில் எஸ்கேப் செய்வது. கோண அடைப்புக்குறி திரையில் குறியாகவே தெரியவேண்டும், டேக்காக மாறக்கூடாது. உள்ளே வரும்போது மட்டும் வடிகட்டினால் போதாது. சிஎஸ்வி கோப்பு, ஏபிஐ (மென்பொருள்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வழி) என்று டேட்டா வேறு வழியிலும் வரும். தடிமன், சாய்வு போன்ற வடிவமைப்பு தேவைப்படும் கட்டங்களில், அனுமதித்த டேக்குகளை மட்டும் விட்டுவைக்கும் டாம்ப்யூரிஃபை போன்ற லைப்ரரி போதும். சொந்தமாக ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) எழுதி வடிகட்டும் ஆசை வேண்டாம்.

சோதிப்பது சுலபம். உங்கள் டெஸ்ட் சர்வரில் ஒரு வரைபடத் தலைப்பைத் தடித்த எழுத்துக்கான டேக்குக்குள் எழுதிச் சேமியுங்கள். டேக் அப்படியே கண்ணில் பட்டால் நல்லது. வடிவமைப்பை அனுமதிக்காத தலைப்பு, டேக்கால் தடிமனாக மாறினால் ஓட்டை இருக்கிறது. வலைப்பக்கத்தோடு நிறுத்தாமல், தானாகப் போகும் மின்னஞ்சல் அறிக்கையையும் பிடிஎஃபையும் திறந்து பாருங்கள். மூன்றையும் பெரும்பாலும் வெவ்வேறு நிரல்தான் தயாரிக்கிறது.