கோரிக்கை இல்லாத கலகம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

கொடுங்கோல் உலகைக் காட்டும் வீடியோ கேமில் அரசியல் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அது பெருங்குறையா, பொறுத்துக்கொள்ளலாமா? பெருங்குறைதான் என்று சொல்ல எழுந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் 2013-இல் வந்த 'பயோஷாக் இன்ஃபினிட்'டை எடுத்துக்கொண்டு, "அடிபட்டவன் கைக்கு அதிகாரம் வந்தால் அவனும் அடிப்பான், உலக வரலாறே அதுதான், இதில் முரண் எங்கே?" என்று கேட்டார். அதே கேமை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஆடாதவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு 1912. வானத்தில் மிதக்கும் கொலம்பியா நகரம். ஆள்பவன் கம்ஸ்டாக், தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்பவன். கறுப்பர்களும் ஐரிஷ்காரர்களும் ஃபிங்க் என்ற முதலாளியின் ஆலையில் உழைத்துச் சாகிறார்கள். அவர்களைத் திரட்டுகிறவள் டெய்ஸி ஃபிட்ஸ்ராய்; அவளுடைய இயக்கம் வாக்ஸ் பொப்புலை. நாம் ஆடும் புக்கர், எலிசபெத் என்ற பெண்ணைத் தேடி அங்கே போகிறான்.

தொடக்கம் அபாரம், அதை நான் மறைக்கவில்லை. திருவிழாக் குலுக்கலில் பரிசு விழுகிறது. என்ன பரிசு? மேடையில் கட்டிவைத்த கறுப்பு, வெள்ளைக் காதலர்கள் மேல் முதல் பந்தை எறியும் உரிமை. சுற்றி நிற்கும் கூட்டம் சிரிக்கிறது. ஃபிங்கின் ஆலைப் பக்கம் போனால், ஒரு வேலையை யார் குறைந்த நேரத்தில் முடிப்பது என்று தொழிலாளர்களையே ஏலம் கேட்கவைக்கிறார்கள். இவ்வளவு கூர்மையாக ஒடுக்குமுறையை வரைந்த கை, எதிர்த்து நிற்பவர்களை வரையும்போது மட்டும் ஏன் தளர்ந்துபோனது?

நடுவர் அவர்களே, வாக்ஸ் பொப்புலைக்கு என்ன வேண்டும்? கேமை முழுக்க ஆடி முடித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோபம் இருக்கிறது, சிவப்புத் துணி இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது. கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், எந்தச் சட்டம் போக வேண்டும் என்று ஒரு பட்டியலை நம் கையில் யாரும் தருவதில்லை.

இங்கிருந்து கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம் போனால் நம் மலேசியாவின் கிள்ளான். 1941-இல் அங்கே நம் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. அடித்து உதைக்கும் கிராணிகளை, அதாவது தோட்டத்து அலுவலர்களை, மாற்று. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்குப் படிப்பும் நோயாளிக்கு மருத்துவமும் கொடு. உறவினர்கள் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போகட்டும். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அந்தச் சைக்கிள் ஒன்று போதும், தோட்டத்து ஆட்சி எப்படிப்பட்டது என்று முழுசாகத் தெரிந்துவிடுகிறது. தலைவர் ஆர்.எச்.நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள், துருப்புகளை இறக்கினார்கள், சுட்டார்கள், தொழிலாளர்கள் மாண்டார்கள். கலகம் என்றால் அதற்குள் இத்தனை நுணுக்கம் இருக்கும். கொலம்பியாவில் அது எங்கே போயிற்று?

போன இடத்தைக் காட்டுகிறேன். ஆகாயக் கப்பல் வேண்டுமானால் ஆயுதம் கொண்டுவா என்று டெய்ஸி புக்கரிடம் பேரம் பேசுகிறாள். ஆயுதம் செய்கிற சென் லின் இறந்து கிடக்கிறார். வேறு உலகங்களுக்கு வழி திறக்கும் சக்தி எலிசபெத்துக்கு உண்டு; அவள் வெளியைக் கிழித்து, அவர் உயிரோடு இருக்கும் இன்னோர் உலகத்துக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே அவருடைய கருவிகளைக் காவலர்கள் பறிமுதல் செய்துவிட்டார்கள். மறுபடி ஒரு கிழிப்பு. இந்த மூன்றாவது உலகத்தில் வாக்ஸ் கையில் ஏற்கெனவே ஆயுதம், ஊரே பற்றி எரிகிறது. ஆள் திரட்டியது, கூட்டம் போட்டது, கொலை செய்யலாமா கூடாதா என்று தங்களுக்குள் வாதிட்டது எல்லாம் இரண்டாம் கிழிப்புக்கு அந்தப் பக்கமே நடந்து முடிந்துவிட்டன. நாம் பார்த்த டெய்ஸி வேறு, இங்கே நிற்பவள் வேறு உலகத்து டெய்ஸி. எதிரணித் தலைவர் சொன்னபடி அடிபட்டவர்கள் அடிக்கிறவர்களாக மாறக்கூடும். அந்த மாற்றம் நடந்த பாதை ஒரு அடிகூடக் காட்டப்படவில்லையே! காட்டாமலே, கம்ஸ்டாக்கும் ஃபிட்ஸ்ராயும் ஒன்றுதான் என்று புக்கர் வாயால் தீர்ப்பும் சொல்லவைக்கிறார்கள். அடுத்த கட்டத்தில் சுடுவதற்குப் புது எதிரி தேவைப்பட்டது, வாக்ஸ் அந்த இடத்தை நிரப்பியது. எனக்குத் தெரியும் காரணம் இதுதான்.

அடுத்தது விகர். குடித்தால் கையிலிருந்து நெருப்பு வரும், காகக்கூட்டம் பறக்கும், அப்படிப்பட்ட புட்டிகள். திருவிழாவிலேயே ஒரு புட்டியை இலவசமாக நீட்டுகிறார்கள். நெருப்பு புட்டியில் கிடைக்கிற ஊரில், கலகக்காரர்கள் துப்பாக்கிக்காக ஒரே ஒரு கொல்லரை ஏன் நம்பி நிற்க வேண்டும்? வீட்டு வேலைக்காரி ஒருத்தி எஜமானின் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று கம்ஸ்டாக்கின் காவல்துறை ஒரு நாளாவது யோசித்திருக்காதா? இதே தொடரின் 2007 'பயோஷாக்'கில் இந்தக் கணக்கு சரியாக இருந்தது. கடல் நத்தையிலிருந்து ஆடம் என்ற, உடம்பை மாற்றிச் சக்தி தரும் பொருள், அதைப் பெருக்கச் சிறுமிகள் உடம்பு, அதற்கு அடிமையான குடிமக்கள், அதனாலேயே ரேப்சர் நகரம் அழிந்தது. அங்கே அந்தப் பொருளை எடுத்துவிட்டால் கதையே இல்லை. கொலம்பியாவில் விகரை எடுத்துவிட்டாலும் ஊர் அப்படியே நிற்கும்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், 'பெரியல் அட் சீ' துணைப்பகுதியின் 2014-இல் வந்த இரண்டாம் பாகம் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்றார். என்ன சரிசெய்தது? மூலக் கதையில் டெய்ஸி ஃபிங்கின் மகன் தலையில் துப்பாக்கி வைக்கிறாள், எலிசபெத் கத்தரிக்கோலால் அவளைக் குத்திக் கொல்கிறாள். துணைப்பகுதியோ, வேறு உலகங்களுக்குப் போய்வரும் விஞ்ஞானிகளான லூட்டெஸ் இரட்டையர் சொல்லித்தான் அவள் அப்படி நடித்தாள், எலிசபெத்தைக் கொலைக்குத் துணியவைக்கவே உயிரைக் கொடுத்தாள் என்கிறது. ஒரு கறுப்பினப் பணிப்பெண், செய்யாத கொலைக்காகப் பழி சுமந்தவள், ஓர் இயக்கத்தையே கட்டியவள். அவளுடைய சாவு கடைசியில் இன்னொருத்தியின் பாத்திர வளர்ச்சிக்குப் படிக்கல்லாம்! முன்பு அவள் காரணமில்லாத கொடியவள். இப்போது அவளுக்கென்று சொந்த அரசியலே கிடையாது. இதைத் திருத்தம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

"விளையாட்டுதானே, சுவாரசியம் போதாதா" என்றும் கேட்டார்கள். லூகஸ் போப் செய்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமும் அதே 2013-இல் வந்தது. அர்ஸ்டோட்ஸ்கா நாட்டு எல்லைச் சாவடியில் நாம் கடவுச்சீட்டு பார்க்கும் அதிகாரி. சரியாகச் சோதித்து முடித்த ஒவ்வோர் ஆளுக்கும் நமக்கு 5 கிரெடிட் கூலி. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து அபராதம். மாலையில் வாடகை, சாப்பாடு, கணப்பு, மகனுக்கு மருந்து என்று கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே லஞ்சம் வாங்கினாலும் கலகக்காரர்களுக்கு உதவினாலும், ஏன் செய்தோம் என்பது நம் கைக்கே தெரியும். சுவாரசியமும் அங்கிருந்துதான் வருகிறது.

கொலம்பியாவுக்கும் பெரிய செலவு தேவைப்பட்டிருக்காது. ஆலைச் சுவரில் கோரிக்கைகள் எழுதிய ஒரு தாள். டெய்ஸியின் ஆட்களே அவளோடு மோதும் ஒரு கூட்டம். வாக்ஸ் ஆலையைப் பிடித்த மறுநாள் காலையில், சங்கு ஊதுவது யார், கூலியைப் பங்கிடுவது யார் என்று காட்டும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் இல்லாததால்தான் எதிரணியின் வாதத்துக்கு அந்தக் கேமிலேயே சாட்சி கிடையாது என்கிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.