காய் நறுக்கும் இடத்தில் கிரேடு கேட்பதில்லை

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், சபையில் அமர்ந்திருக்கும் பெரியோர்க்கும் என் வணக்கம்.

"அந்தஸ்துப் போட்டியிலிருந்து மனிதன் மீள்வது வீட்டில் இருந்தபடியா, ஆன்மிகச் சங்கத்தில் சேர்ந்தா?" இதுதான் தலைப்பு. சங்கத்தில் சேர்ந்துதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். "போட்டி மனசுக்குள்ளே இருக்கிறது, அதை அடக்க ஆசிரமம் எதற்கு? வீட்டு மொட்டைமாடி போதாதா?" என்று கேட்டார். "இல்லறமல்லது நல்லறமன்று" என்று ஔவையையும் துணைக்கு அழைத்தார். சங்கம் தேடிப் போவது ஓடி ஒளிவது என்றார்.

நடுவர் அவர்களே, நான் வளர்ந்தது ஓர் ஆலைக் குடியிருப்பில். அங்கே வீட்டு எண்ணைச் சொன்னால் போதும், அப்பாவின் கிரேடு தெரிந்துவிடும். எங்கள் வீடு கடைசி வகை. பள்ளியில் யாராவது "உங்க வீடு எந்த டைப்?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் என் தலை தானாகவே குனியும். ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்ட அப்பாவை, "அதிகாரிங்க வர்றாங்க, அடுத்த பந்தியில பார்த்துக்கலாம்" என்று எழுப்பினார்கள். அப்பா எதுவும் பேசாமல் எழுந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். அந்தக் கை சில்லிட்டிருந்தது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், இந்தப் போட்டி அப்பாவின் மனசுக்குள்ளா இருந்தது? இலையில் இருந்தது, நாற்காலியில் இருந்தது, எழுப்பியவரின் கண்ணில் இருந்தது. அந்தஸ்து என்பதே நாலு பேர் பார்க்கிற பார்வைதானே? மொட்டைமாடியில் ஒருவர் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடினால், திறக்கும்போது அதே நாலு பேர் நிற்பார்கள். வேறு விதமாகப் பார்க்கிற நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேருக்குப் பெயர்தான் சங்கம்.

வடலூருக்கு வருகிறேன். சென்னையில் வளர்ந்து, சொற்பொழிவாற்றிப் பேர் பெற்ற வள்ளலார், சுமார் 35 வயதில் அந்த நகரத்தை விட்டுவிட்டு, வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழி என்ற சிற்றூரில் வந்து தங்கினார். விலகல்தான், மறுக்கவில்லை. ஆனால் விலகிப் போனவர் என்ன செய்தார்? 1865-ல் சன்மார்க்க சங்கம் கண்டார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுக்க, 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையில் அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு அணையாமல் இன்றுவரை எரிகிறது. பசித்து வந்தவரிடம் சாதி என்ன, தொழில் என்ன என்று அங்கே கேட்பதில்லை. குடும்பஸ்தர்களும் அந்தச் சங்கத்தில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஔவை சொன்னதற்கு அங்கே என்ன பங்கம் வந்துவிட்டது?

ஓடி ஒளிவது என்றார்களே, அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அய்யாவழியைத் தோற்றுவித்த ஐயா வைகுண்டர் காலத்துத் தென் திருவிதாங்கூரை, இன்றைய கன்னியாகுமரிப் பக்கத்தை, நினைத்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட சாதி ஆண் தலைப்பாகை கட்டக்கூடாது, பெண் மார்பை மறைக்கக்கூடாது. அந்தஸ்தை உடம்பிலேயே எழுதி வைத்த காலம். அப்போது சுமார் 700 குடும்பங்கள் அவர் சொல் கேட்டுக் கடலோரம் வாகைப்பதியில் கூடித் துவையல் தவம் இருந்தன. குளித்து, துணி துவைத்து, ஒருவேளை உண்டு, சேர்ந்து வணங்கிய வாழ்க்கை அது. சாமித்தோப்பின் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியினரும் ஒன்றாக நீராடினார்கள். பதி என்ற வழிபாட்டு இடத்துக்கு வந்த ஆணைத் தலைப்பாகை கட்டச் சொன்னார் வைகுண்டர். கருவறையில் கண்ணாடி வைத்தார், தலைப்பாகையோடு தன்னையே அவன் பார்க்கும்படி. இவர்களை ஓடி ஒளிந்தவர்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? வீட்டில் ஒற்றை ஆளாக அந்தத் தலைப்பாகையைக் கட்டியிருந்தால் மறுநாள் தெருவில் தட்டிப் பறித்திருப்பார்கள். எழுநூறு குடும்பம் சேர்ந்த இடத்தில்தான் அது தலையில் நின்றது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், "மடத்திலும் பதவிச் சண்டை உண்டே" என்றார். உண்டு. புத்தரின் சங்கத்திலேயே உண்டு. சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, கூட வந்த நாவிதர் உபாலிக்கு முதலில் தீட்சை கொடுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். அவர் மூத்தவராகிவிட்டால் நாங்கள் அவரை வணங்கியாக வேண்டும், எங்கள் குலச் செருக்கு அடங்கும் என்றார்கள். அந்த இளவரசர்களில் ஒருவரான தேவதத்தர்தான் பின்னாளில் சங்கத் தலைமையைத் தனக்குக் கேட்டு, சங்கத்தையே பிளந்தார். ஆக, செருக்கு பின்னாலேயே வரும். அது வரும் என்று தெரிந்துதான் சங்கம் விதி செய்து வைத்திருந்தது. யார் முன்னால் தீட்சை பெற்றாரோ அவர் மூத்தவர், பிறப்பு கணக்கில் வராது. புத்தருக்குப் பின் ராஜகிருகத்தில் துறவிகள் கூடிய முதல் சபையான முதல் சங்கீதியில், விநயம் என்ற துறவிகளின் ஒழுக்க விதிகள் முழுவதையும் ஓதியவர் அந்த உபாலிதான். எந்த வீட்டுக்குள், எந்தத் தெருவுக்குள் அன்றைக்கு இது நடந்திருக்கும்?

ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, குளிர்சாதன அறையில் தியானம் சொல்லிக்கொடுத்து, அதைப் புகைப்படம் எடுத்துப் பெருமையடிக்க வைக்கும் முகாம்களையும் எதிரணி சொன்னது. அவற்றுக்காக நான் வாதாடவில்லை. அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு யாரோடும் பேசாமல் இருந்தார். பக்கத்து வீட்டுத் தாத்தா ஒருவர் மாதப் பூசத்துக்கு வடலூர் கூட்டிப்போனார். பிறகு அப்பா தானாகவே போக ஆரம்பித்தார். ஒரு தைப்பூசத்துக்கு முந்தின இரவு, அன்னதானக் கொட்டகையில் விடிய விடியக் காய் நறுக்கினார்கள். நானும் கூட இருந்தேன். அப்பாவுக்கு எதிரே பாயில் வந்து உட்கார்ந்தவர், இருபது வருடம் அப்பாவுக்கு மேலே இருந்த அதிகாரி. எனக்கு அடிவயிறு கலங்கியது. அவர் ஒரு பூசணிக்காயை எடுத்துத் தடுமாறி நறுக்கிவிட்டு, துண்டை அப்பா பக்கம் நீட்டினார்.

"ஐயா, இது போதுமா, இன்னும் சின்னதா போடணுமா?"

"போதும் ஐயா. விதையை மட்டும் எடுத்துடுங்க."

காலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை. பரிமாறியவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வரிசையில், முதலில் அப்பாவின் இலை இருந்தது.

நடுவர் அவர்களே, அந்த இலையை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.