ஒளிச்சேர்க்கைக்கு முன் காற்றில் ஆக்ஸிஜன் இருந்ததா?

(காட்சி: காரைக்குடி அருகே ஓர் ஊருணி. படிக்கட்டின் செம்புறாங்கல் மிக அண்மையில். கல்லின் துளைகள் தெரிகின்றன.)

செட்டிநாட்டு ஊருணிப் படிகளில் காணும் இந்தச் சிவப்பு, இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்ததால் வந்த நிறம். நிலவியல் கணக்கில் இந்தக் கல் மிக இளையது. 454 கோடி ஆண்டு வயதுள்ள பூமியின் முதல் 200 கோடி ஆண்டுகளில், மண் இப்படிச் சிவக்கும் அளவுக்குக் காற்றில் ஆக்ஸிஜன் இருக்கவில்லை.

(காட்சி: எரிமலைகள், மங்கிய வானம்.)

ஆனால் ஆக்ஸிஜன் உருவாகவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஓசோன் படலம் இல்லாத அந்தக் காலத்தில் புறஊதாக் கதிர்கள் தடையின்றி இறங்கி நீராவியை உடைத்தன. எடை குறைந்த ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிச் செல்ல, ஆக்ஸிஜன் இங்கே தங்கியது. கார்பன் டை ஆக்சைடும் உடைந்தது. அது கார்பன் மோனாக்சைடாகவும் தனி ஆக்ஸிஜன் அணுவாகவும் பிரிவதே வழக்கம். ஆனால் மிகுந்த ஆற்றல் கொண்ட புறஊதா ஒளி பட்டால், சுமார் 5 சதவீதம் நேரடியாகக் கார்பனும் ஆக்ஸிஜன் மூலக்கூறும் ஆகிறது என்பதைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2014இல் சோதனையில் காட்டினார்கள். உயிரின் துணையே இல்லாமல் ஆக்ஸிஜன் பிறக்கிறது என்பது எத்தனை வியப்பான செய்தி!

அப்படியானால் அது ஏன் சேரவில்லை? நகரத்தார் பேரேட்டைப் போல இங்கும் வரவை மட்டும் பார்த்தால் போதாது, பற்றையும் பார்க்க வேண்டும். எரிமலைகள் கக்கிய ஹைட்ரஜன் போன்ற வாயுக்களும், கடல் நீரில் கரைந்திருந்த இரும்பும், பிறந்த ஆக்ஸிஜனை உடனுக்குடன் இழுத்துக்கொண்டன.

(காட்சி: உருண்டு தேய்ந்த பைரைட் மணிகள்.)

இதற்குச் சான்று பாறைகளிலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில், பழைய ஆறுகள் உருட்டி வந்த பைரைட் மணிகள், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிம மணிகள், சிதையாமல் கிடக்கின்றன. இன்றைய காற்றுப் பட்டிருந்தால் அவை ஆற்றிலேயே துருப்பிடித்துக் கரைந்திருக்கும். இதைவிட நுட்பமான சான்று கந்தகத்தின் ஐசோடோப்புகள், அதாவது எடையில் வேறுபடும் கந்தக அணு வகைகள். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் அவற்றின் விகிதம் விசித்திரமாக மாறியிருக்கிறது. காற்றில் ஆக்ஸிஜன், இன்றுள்ள அளவில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால்தான் அந்த மாற்றம் பாறையில் பதிந்து நிற்கும்.

ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாக்கள் தோன்றிய பிறகும் பற்று உடனே தீர்ந்துவிடவில்லை. அவற்றின் உடலிலிருந்த கார்பனில் ஒரு பகுதி மட்காமல் கடலடி வண்டலில் புதைந்தபோது, அதற்கு ஈடான ஆக்ஸிஜன் செலவாகாமல் மிஞ்சியது. மிஞ்சியது எரிமலை வாயுக்களின் தேவையையும் தாண்டிய பிறகே, காற்றில் ஆக்ஸிஜன் நிலையாகத் தங்கத் தொடங்கியது.