வெண்கலப் பாம்புக்குத் தூபம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை சபைகளிலிருந்து வந்திருக்கிற எல்லாருக்கும் ஸ்தோத்திரம். விக்கிரகம் என்றதும் பொன் கன்றுக்குட்டிதான் நினைவுக்கு வரும். அது யாரோ செய்த குற்றம் என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம். ஆகவே இன்றைக்கு 2 இராஜாக்கள் 18:4.

யூதாவின் ராஜா எசேக்கியா விக்கிரக மேடைகளை அகற்றினார், சிலைகளைத் தகர்த்தார், கூடவே மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் உடைத்துப்போட்டார். அது பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் சிலை இல்லை, கவனியுங்கள். எண்ணாகமம் 21-இல் கர்த்தரே செய்யச் சொன்னது. கொள்ளிவாய்ச் சர்ப்பம் கடித்தவன் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தான். பிழைக்க வைத்த பொருளாயிற்றே என்று இஸ்ரவேல் ஜனங்கள் வைத்துக்கொண்டார்கள். எசேக்கியா காலத்தில் அதற்கே தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

நம் வீட்டுப் பாம்புகளும் கர்த்தர் கொடுத்த நன்மைகள்தான். பிள்ளையின் மார்க், ஹார்பர் வேலை, ஏலச்சீட்டு. ஊழியக்காரர் ஜெபித்துத் தந்த எண்ணெய் பாட்டிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு இது கசக்கும், பரவாயில்லை.

போனுக்கு வருவோம். "அதில்தானே ஐயா வேதம் படிக்கிறேன்" என்பீர்கள். காலை ஐந்தரைக்குத் தலையணை அடியிலிருந்து எடுக்கிறீர்கள். வேத ஆப் திறக்கிறது. இரண்டாவது வசனத்தில் மேலே பச்சை நிறத்தில் வாட்ஸ்அப் எட்டிப் பார்க்கிறது. யாரோ அனுப்பிய "குட் மார்னிங்", அதிலும் ஒரு வசனம்! அதற்குக் கைகூப்பும் பொம்மை ஒன்று அனுப்பி, அங்கிருந்து ஸ்டேட்டஸ், அங்கிருந்து ரீல்ஸ். தெருக்குழாயில் தண்ணி வந்துவிட்டது, குடத்தைத் தூக்கியாயிற்று. ஜெபம் போச்சு.

சங்கீதம் 119-ஐ எடுங்கள். 176 வசனம், எட்டெட்டாக 22 பகுதி. நாளுக்கு ஒரு பகுதி, அச்சடித்த வேதத்தில், வாய்விட்டுப் படியுங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. மீதி பத்து நிமிஷம் ஜெபம். ராத்திரி போன் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். போனைப் படுக்கைக்குக் கொண்டுவரும் சாக்கே அலாரம்தான்.

நாலாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் ஒரு நாள் தவறும். மறுநாள் இரண்டு பகுதியாகப் படித்து ஈடுகட்டப் போகாதீர்கள். அடுத்த நாள் மூன்றாகும், அதோடு புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். விட்ட பகுதியிலேயே தொடருங்கள், 22 நாள் 25 நாளானால் ஆகட்டும்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். வலை பின்னுகிற நேரம் போக மிச்சமெல்லாம் போனில்தான் கரைகிறது. இந்த வட்டத்தை இரண்டு முறை முடித்தாலும் 17 நாள் மிஞ்சும். அதில் 2 இராஜாக்கள் 18, 19, 20 மூன்று அதிகாரத்தையும் நிதானமாக வாசியுங்கள். பாம்பை உடைத்த அதே ராஜா, இருபதாம் அதிகாரத்தில் பாபிலோன் ஆட்களுக்குத் தன் வெள்ளியையும் பொன்னையும் திறந்து காட்டிக்கொண்டு நிற்பார்.